அயலார் வண்டிக்குத் திறந்த வாசல்கள்

கார் தன் ஆயுளில் பெரும்பகுதியை நின்றபடியே கழிக்கிறது. பிரிட்டனின் ஆர்.ஏ.சி. அறக்கட்டளை 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் ஒரு கார் சராசரியாக 80 விழுக்காடு நேரம் வீட்டிலும் 16 விழுக்காடு நேரம் வேறிடங்களிலும் நிற்கிறது; ஓடுவது மீதி 4 விழுக்காடு மட்டுமே. அப்படியானால் வீட்டில் அதற்கென்று ஒதுக்கிய இடம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் காலியாகக் கிடக்கிறது. நாள்தோறும் காரில் வேலைக்குப் போகிறவர் வீட்டில் அது இன்னும் அதிகம். அதே நேரத்தில் அந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் யாரோ ஒருவர் இடம் தேடித் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். இருவரையும் சேர்த்துவைப்பது எளிது என்றே தோன்றும். ஆனால் கார் பரவலாகி நூறாண்டு ஆன பிறகும் சொந்த இடத்தை அயலாருக்குத் தருகிறவர்கள் எங்கும் சிறுபான்மையினரே. தந்தவர்கள் எந்த ஊரில், எந்தக் காலத்தில், எதை நம்பித் தந்தார்கள் என்று பார்த்தால் பணம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. சொன்ன நேரத்தில் இடம் திரும்பக் கைக்கு வருமா, அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள், ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு ஆகிய மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்த இடங்களில்தான் இந்த வழக்கம் வேர்பிடித்தது.

இதன் பழைய வடிவங்களில் ஒன்று பந்தயத் திடல்களைச் சுற்றி உருவானது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரை ஒட்டி 1909இல் கார்ப் பந்தயத் தடம் அமைந்தது. முதல் 500 மைல் பந்தயம் 1911 மே மாத இறுதியில் நடந்தது. தடத்தின் அருகில் எழுந்த ஸ்பீட்வே என்ற சிற்றூரில் இன்றைக்கும் ஏறத்தாழ 14,000 பேர்தான் வசிக்கிறார்கள். தடத்தில் நிலையான இருக்கைகள் மட்டும் 2.5 லட்சத்துக்கு மேல். பந்தய நாளில் வந்து குவியும் கார்களுக்குத் தடத்தின் சொந்தத் திடல்கள் போதுவதில்லை. அதனால் அவ்வூர் வீட்டுக்காரர்கள் தலைமுறைகளாகத் தங்கள் முன்புறப் புல்தரையைக் காருக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு திறந்துவிடுகிறார்கள். அட்டையில் கட்டணத்தை எழுதி வாசலில் நட்டுவைத்து, வீட்டுப் பிள்ளைகள் கையசைத்துக் கார்களை உள்ளே அழைப்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்துத் திடலைச் சுற்றியும் இதே காட்சிதான். அது 1927இல் திறக்கப்பட்டது; இன்று லட்சம் பேருக்கு மேல் கொள்ளும். அங்கே வீடுகளோடு எதிரிலுள்ள உயர்நிலைப் பள்ளியும் அருகிலுள்ள கோல்ஃப் மைதானமும் கூடத் தங்கள் நிலத்தைக் காருக்கு விடுகின்றன. லண்டனில் விம்பிள்டன் டென்னிஸ் நடக்கும் இரண்டு வாரங்களிலும் சுற்றுவட்டார வீடுகள் இதையே செய்கின்றன.

ஆண்டு முழுக்கத் தன் வாசலில் அந்நியர் கால் பதிப்பதை விரும்பாத குடும்பமும் பந்தய நாளில் மட்டும் முகம் சுளிக்காமல் திறந்துவிடுகிறது. வரும் கார் எப்போது போகும் என்பது அன்றைக்கு ஊருக்கே தெரியும். ஆட்டம் முடிந்தால் எல்லாரும் கிளம்பியாக வேண்டும். வீட்டுக்காரர் வாசலிலேயே நிற்கிறார். யார் வருகிறார், எங்கே நிறுத்துகிறார் என்பதெல்லாம் அவர் கண்முன் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து வீட்டுக்காரரும் அதையே செய்துகொண்டிருக்கிறார். ஒருவர் மட்டும் செய்தால் தொல்லையாகத் தெரிவது, தெருவே செய்யும்போது திருவிழாவாகிவிடுகிறது.

சாதாரண நாட்களில் இந்தப் பழக்கம் அமெரிக்காவில் பரவாததற்குக் காரணம் வேறு. அங்கே தெருவிலேயே இடம் கிடைத்தது, அதுவும் பெரும்பாலும் இலவசமாக. 1920இல் அந்நாட்டில் பதிவான கார்கள் சுமார் 80 லட்சம், 1930இல் 2.3 கோடி. கடைத்தெருக்கள் நிரம்பி வழிந்தபோது, 1935 ஜூலை 16 அன்று ஓக்லஹோமா நகரில் உலகின் முதல் நிறுத்தக் கட்டணப் பொறி நடப்பட்டது; மணிக்கு 5 சென்ட். ஆனால் நகராட்சிகள் இதைவிட அதிகம் நம்பியது கட்டட விதிகளைத்தான். கொலம்பஸ் நகரம் 1923லேயே அடுக்ககங்களுக்கு இத்தனை கார் இடம் கட்டாயம் என்று விதித்திருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நாடு முழுவதும் வீடு, கடை, மருத்துவமனை, தேவாலயம் என எதைக் கட்டினாலும் வண்டி நிறுத்தவும் இடம் விட்டாக வேண்டும் என்றாயிற்று. இதன் விளைவுகளை ஆராய்வதில் ஆயுளைச் செலவிட்டவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு ஷூப். அமெரிக்கக் கார்ப் பயணங்களில் 99 விழுக்காட்டில் நிறுத்தக் கட்டணமே இருப்பதில்லை என்று 2005இல் வந்த தன் நூலில் அவர் எடுத்துக்காட்டினார். எல்லாரிடமும் தேவைக்கு மேல் இருக்கும் ஊரில் ஒருவர் மற்றவரிடம் கேட்க வேண்டிய அவசியமே எழவில்லை. அங்கே பகிர்வு நிறுவனங்களுக்கு இடையில் மட்டும் வளர்ந்தது. பகலில் நிரம்பும் அலுவலகமும் மாலையில் நிரம்பும் திரையரங்கும், ஞாயிறன்று நிரம்பும் தேவாலயமும் வார நாட்களில் வரும் ரயில் பயணிகளும் ஒரே திடலை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம் என்பதற்குக் கணக்கு முறை வகுத்து அர்பன் லேண்ட் இன்ஸ்டிட்யூட் 1983இல் ஒரு நூலே வெளியிட்டது.

பிரிட்டனின் நிலைமை நேர் எதிரானது. அதன் நகரங்கள் கார் வருவதற்கு நெடுங்காலம் முன்பே கட்டப்பட்டவை. லண்டனின் மேஃபேர் பகுதியில் 1958 ஜூலையில் கட்டணப் பொறிகள் வந்தன. பிறகு தெருக்களில் குடியிருப்போருக்கு மட்டும் என்ற அனுமதி முறையும் பரவியது. இதற்கு மக்கள் கண்ட மாற்று, வீட்டு முன்தோட்டத்தைப் பெயர்த்துவிட்டுக் கல்லும் கான்கிரீட்டும் பாவுவது. லண்டன் பேரவை 2005இல் வெளியிட்ட அறிக்கை, தலைநகரின் முன்தோட்டங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஏதோ ஓர் அளவில் இப்படி மூடப்பட்டுவிட்டன என்றும், மூடிய பரப்பு ஏறக்குறைய 32 சதுர கிலோமீட்டர் என்றும் கணக்கிட்டது. மழைநீர் மண்ணில் இறங்காமல் 2007இல் நேர்ந்த வெள்ளங்களுக்குப் பிறகு, 2008 அக்டோபர் முதல் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் புகாத தளம் போட அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. வேண்டிப் பெற்ற இடம், செலவு செய்து உண்டாக்கிய இடம், தோட்டத்தை இழந்து கிடைத்த இடம். அதனாலேயே அதை வெறுமனே போட்டுவைக்க மனம் வராதவர்கள் பலர் இருந்தார்கள். ரயில் நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் அருகில் இருந்தவர்கள் தெரிந்தவர் மூலமாகவும் கடைக் கண்ணாடியில் ஒட்டிய சீட்டு மூலமாகவும் மாத வாடகைக்கு விடத் தொடங்கினார்கள்.

இந்தச் சிதறிய வழக்கத்தை ஒரே இடத்தில் சேர்த்தது 2006இல் தொடங்கிய இணையச் சேவை. அதன் நிறுவனர் ஆண்டனி எஸ்கினாசி, சான் பிரான்சிஸ்கோவில் பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் நிறுத்த இடம் கிடைக்காமல் அலைந்தபோது, திடலருகே காலியாகக் கிடந்த ஒரு வீட்டு முற்றம் கண்ணில் பட, இந்த எண்ணம் உதித்ததாகச் சொல்லப்படுகிறது. 'பார்க் அட் மை ஹவுஸ்' என்று தொடங்கிய அது 2014இல் 'ஜஸ்ட்பார்க்' ஆனது. சேவை செய்த முக்கிய வேலை, பணப் பரிமாற்றத்தை வாசலிலிருந்து அகற்றியதுதான். வீட்டுக்காரர் அந்நியரிடம் கை நீட்டிக் காசு வாங்கவோ, நேரம் கடந்தால் வாய்ச்சண்டை போடவோ தேவையில்லை. வருபவரின் பெயர், வண்டி எண், வரும் நேரம், போகும் நேரம் எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றன.

ஆயினும் அப்போது சட்டம் தெளிவாக இருக்கவில்லை. வீட்டு முற்றத்தை வாடகைக்கு விடுவது குடியிருப்பு நிலத்தை வணிகத்துக்கு மாற்றுவதாகும், அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்று சில உள்ளாட்சிகள் குடிமக்களுக்கு எழுதின. அபராதப் பயம் உள்ள இடத்தில் மாதம் சில பவுண்டு வரவு யாரையும் ஈர்க்காது. 2013 ஆகஸ்டில் உள்ளாட்சித் துறை அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாதவரை அனுமதி தேவையில்லை என்று வழிகாட்டுதல் வெளியிட்டார். 2017 ஏப்ரல் முதல் சொத்திலிருந்து வரும் வருமானத்தில் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை வரி இல்லை என்ற சலுகையும் நடைமுறைக்கு வந்தது. தொகை பெரிதல்ல. ஆனால் சிறு வரவுக்காக வரிக் கணக்கு எழுத வேண்டுமே என்ற மலைப்பை அது நீக்கியது. ஒருவரை ஒரு காரியத்துக்கு இழுத்துவர ஊதியத்தைக் கூட்டுவதைவிட, அவர் முன் கிடக்கும் சிறு தடைகளை எடுத்துப்போடுவது பல நேரங்களில் அதிகம் பலிக்கிறது. பிரிட்டனின் இந்த நான்கு ஆண்டுகள் அதற்கு நல்ல சான்று.

இந்த வரலாற்றில் மிகவும் விரிவாகப் பார்க்க வேண்டிய நாடு ஜப்பான். போருக்குப் பிந்தைய வளர்ச்சியில் குறுகிய சந்துகளெல்லாம் கார்களால் அடைபடத் தொடங்கியபோது, அந்நாடு 1962இல் ஒரு சட்டம் இயற்றியது. கார் வாங்குபவர் அதை நிறுத்திவைக்கத் தெருவில் அல்லாத ஓர் இடம் தனக்கு இருப்பதைக் காட்டினால்தான் பதிவு நடக்கும். இடம் வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றிருந்தது. நெரிசல் முற்றிய 1991இல் அது 2 கிலோமீட்டராகத் தளர்த்தப்பட்டது. விண்ணப்பம் போக வேண்டிய இடம் பகுதிக் காவல் நிலையம். இடத்தின் வரைபடம், நீள அகலம் குறித்த குறிப்பு ஆகியவற்றோடு, நிலம் பிறருடையதானால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் இணைக்க வேண்டும். இரவு முழுவதும் தெருவில் வண்டி விடுவதும் அதே சட்டத்தால் குற்றமாயிற்று.

இதனால் விளைந்த மாற்றம் ஆழமானது. கார் நிறுத்தும் இடம் என்பது அளவும் எல்லையும் உரிமையாளரும் தாளில் பதிந்த ஒரு பொருளாகிவிட்டது. சொந்த வீட்டில் இடமில்லாதவர்களுக்காக மாத வாடகைத் திடல்கள் ஊரெங்கும் தோன்றின. கோயில் வளாகத்தின் ஓரம், கடைக்குப் பின்புறம், வயல் நகரமானபோது எஞ்சிய மூலை, வீடு இடித்த மனை என எதுவும் வீணாகவில்லை. கோடு போட்டு எண் எழுதி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வாடகைக்காரர் என்ற முறை அது. பத்துக் கார் நிற்கும் திடலுக்குப் பெரும்பாலும் காவலாள் கூடக் கிடையாது. இரும்புக் கதவும் கிடையாது. மற்றவர் கட்டத்தில் வண்டி விடுவது வெட்கக்கேடு என்ற பொது எண்ணமும், விட்டால் காவல் நிலையத்தில் எண்ணைக் கொண்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற தைரியமும் சேர்ந்து வேலியாகின.

நிலக்காரர்கள் இவ்வளவு தாராளமாக மனையைத் திறந்துவிட்டதற்கு, கார்ச் சட்டத்தோடு தொடர்பே இல்லாத இன்னொரு சட்டமும் காரணம். ஜப்பானில் நிலத்தைக் கட்டடம் கட்ட வாடகைக்கு விட்டால் எளிதில் திரும்பப் பெற முடியாது. 1921இல் வந்த குத்தகைச் சட்டம் 1941இல் திருத்தப்பட்டபோது, தக்க காரணம் இல்லாமல் உரிமையாளர் புதுப்பிக்க மறுக்கக் கூடாது என்றாயிற்று. போர்க்காலத்தில் குடியிருப்போரைக் காக்க வந்த அந்த விதி, பிற்காலத்தில் நிலக்காரர்களை நடுங்க வைத்தது. மனையை யாருக்காவது கொடுத்தால் பேரன் காலம் வரை கைக்கு வராது என்ற பேச்சு பரவியது. ஆனால் அந்தப் பாதுகாப்பு கட்டடத்துக்கான குத்தகைக்கு மட்டுமே. வெறும் தரையைக் கார் நிறுத்த விடுவது அதில் அடங்காது. குறுகிய முன்னறிவிப்போடு முடித்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் வீடு கட்டவோ விற்கவோ எண்ணியிருந்தவர்களுக்கு, இடையில் மனையை அயலாரிடம் ஒப்படைக்க அஞ்சத் தேவையில்லாத வழி இது. கார் இடம் பகிர்வதைப் பற்றிப் பேசும்போது இந்தச் சட்ட வேறுபாட்டை அதிகம் பேர் குறிப்பிடுவதில்லை. உண்மையில் ஜப்பானின் கதைக்கு அச்சாணி அதுதான்.

1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் நில விலைக் குமிழி வெடித்தது. உயர்ந்த விலையில் வாங்கி வீடுகளை இடித்துவிட்டுக் கட்டடம் கட்ட முடியாமல் போன துண்டு மனைகள் நகர் நடுவே கிடந்தன. அதே வேளையில், 1991இல் டோக்கியோவின் உவேனோ பகுதியில் பார்க்24 நிறுவனம் ஆளில்லா மணிக்கணக்குத் திடல் ஒன்றைத் திறந்தது. கார் ஏறியதும் அடியிலிருந்து ஓர் இரும்புத் தகடு எழுந்து நிற்கும். காசு செலுத்தினால் இறங்கும். நான்கைந்து கார் நிற்கும் மனையும் போதும். நிலக்காரருக்கு மாத வாடகை நிச்சயம். வண்டி வந்தாலும் வராவிட்டாலும் அது நிறுவனத்தின் கவலை. 2006 ஜூனில் தெரு நிறுத்தத்தைக் கண்காணித்துச் சீட்டு ஒட்டும் வேலை தனியாருக்குக் கொடுக்கப்பட்டது. அதுவரை சில நிமிடம் தெருவோரம் விட்டுப் போனவர்களும் திடலைத் தேடினார்கள். இத்தகைய திடல்கள் இன்று ஜப்பானிய நகரங்களின் முகமாகவே ஆகிவிட்டன.

இதற்கெல்லாம் பிறகுதான் தனி வீடுகளின் முறை வந்தது. ஒசாகாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 2014இல் 'அகிப்பா' என்ற சேவையைத் தொடங்கியது. வீட்டு முற்றத்தையோ மாத வாடகைத் திடலில் ஆள் இல்லாத கட்டத்தையோ நாள் கணக்கிலும் மணிக் கணக்கிலும் முன்பதிவுக்கு விடலாம். பொறி வேண்டாம், தகடு வேண்டாம். சேவை பிற்பாடு காப்பீட்டையும் சேர்த்துக்கொண்டது. இடம் கொடுக்க முன்வந்தவர்களில் ஒரு பகுதியினர், காரை விட்டொழித்த முதியவர்கள். முதுமை காரணமாக ஓட்டுநர் உரிமத்தைத் தாமாகத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு ஜப்பானில் 1998இல் தொடங்கியது. 2019இல் மட்டும் சுமார் 6 லட்சம் பேர் கொடுத்தார்கள். கார் போன பிறகு வாசலில் வெற்றுக் கட்டம் நிற்கிறது. பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கும் அந்த இடத்துக்கு யாராவது வந்து போவது முதியவர்களுக்கு வரவு மட்டுமல்ல, ஒரு துணையும் கூட. ஆயினும் மாத வாடகைக்கு எடுத்த கட்டத்தை வாடகைக்காரர் தானே பிறருக்கு விட முடியாது. உரிமையாளர் சம்மதமின்றி உள்வாடகை விடுவதை அந்நாட்டு உரிமையியல் சட்டத்தின் 612ஆம் பிரிவு தடுக்கிறது. தாளில் எழுதிய உரிமை எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் எல்லையும் தெளிவு.

உரிமை எழுத்தில் இருப்பது ஒருபுறம். மனத்தில் இருப்பது வேறு. பாரி ரூபாக், டேனியல் ஜூயெங் என்ற ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதை வெளிச்சமாக்குகிறது. வணிக வளாகம் ஒன்றின் திடலில், கிளம்பப் போகும் ஓட்டுநர்களை அவர்கள் கவனித்தார்கள். பக்கத்தில் யாரும் காத்திருக்காதபோது இடத்தை விட்டு வெளியேற ஆன நேரம் சராசரியாக 32 விநாடி. அந்த இடத்துக்காக வேறொரு கார் காத்து நின்றால் 39 விநாடி. காத்திருப்பவர் ஒலிப்பானை அழுத்தினால் 43 விநாடி. பொது இடம், காசு கொடுத்து வாங்காதது, இன்னும் அரை நிமிடத்தில் விட்டுவிடப் போவது. அதற்கே இந்தப் பிடிமானம். சொந்த வீட்டு வாசலுக்கு எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. யாராவது உரிமையோடு கேட்டால் இறுகுவதும், கேட்காமல் இருந்தால் தளர்வதும் இந்த விஷயத்தில் மனித இயல்பாகவே தெரிகிறது. முன்பதிவுச் சேவைகள் ஓரளவு வென்றதற்கு இதுவும் காரணம்: கேட்பவரின் முகம் அங்கே இல்லை, தருவதா வேண்டாமா என்பதை உரிமையாளர் தனிமையில் முடிவு செய்கிறார்.

உழைப்பும் உரிமை உணர்வைத் தருகிறது. அமெரிக்காவின் சிகாகோவிலும் பாஸ்டனிலும் பெரும்பனி கொட்டினால், தெருவில் தன் காருக்காகப் பனியை வாரி இடம் உண்டாக்கியவர், வெளியே போகும்போது அங்கே ஒரு நாற்காலியையோ குப்பைத் தொட்டியையோ வைத்துவிட்டுப் போவார். தெரு நகராட்சிக்குச் சொந்தம் என்று எல்லாருக்கும் தெரியும்; ஆனாலும் அந்த நாற்காலியைத் தொட எவரும் துணிய மாட்டார்கள். பனி அவசரநிலை முடிந்து 48 மணி நேரம் வரை இதை விட்டுவைப்பது என்று பாஸ்டன் நகராட்சி விதியே வகுத்தது.

இதே உணர்வைப் பணமாக்க முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. 2014இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கைபேசிச் செயலி, தெருவில் நிறுத்தியிருப்பவர் தான் கிளம்பும் தகவலை ஏலம் விட வழி செய்தது. நகர வழக்கறிஞர் டென்னிஸ் ஹெரேரா ஜூன் மாதத்திலேயே அதை நிறுத்தச் சொல்லி எச்சரித்தார். இடம் விற்கும் ஓட்டுநருக்கு ஒவ்வொரு முறைக்கும் 300 டாலர் வரை அபராதம் விதிக்கலாம் என்றும் நினைவூட்டினார். பாஸ்டனும் அதே ஆண்டில் இத்தகைய சேவையைத் தடை செய்தது. தன் நிலத்தைத் தருபவர் ஊருக்கு ஓர் இடத்தைக் கூட்டுகிறார்; பொது நிலத்தை விற்பவர் எதையும் கூட்டுவதில்லை. இந்த வேறுபாட்டை மறைத்துப் பகிர்வு என்ற ஒரே பெயரில் இரண்டையும் வழங்க முயன்றதே அச்செயலிகளின் வீழ்ச்சிக்குக் காரணம்.

கொரியத் தலைநகர் சோலில் இடம் சொந்தமும் அல்ல, முழுக்கப் பொதுவும் அல்ல. குடியிருப்புச் சந்துகளில் கோடு போட்ட கட்டங்களை அருகில் வசிப்போருக்கு மாதக் கட்டணத்தில் வட்டார நிர்வாகம் ஒதுக்குகிறது. காத்திருப்போர் பட்டியல் நீளம். கூடவே வீட்டுச் சுற்றுச்சுவரை இடித்து முற்றத்தில் கார் நிறுத்த விரும்புவோருக்கு மாநகராட்சி செலவு ஏற்ற திட்டமும் 2000களில் நடந்தது. 2012இல் சோல் தன்னைப் பகிர்வு நகரம் என்று அறிவித்த பிறகு, ஒதுக்கீடு பெற்றவர்கள் பகலில் வேலைக்குப் போகும் நேரத்தில் தங்கள் கட்டத்தைப் பிறருக்கு விடத் தூண்டப்பட்டார்கள். கிடைக்கும் காசு சொற்பம். ஆனால் பகிர்ந்தவர்களுக்கு அடுத்த ஒதுக்கீட்டில் கூடுதல் மதிப்பெண் உண்டு. கட்டத்தை இழந்துவிடுவோமோ என்பதே அங்குள்ளவர்களின் பெரிய கவலை. பகிர்ந்தால் அது உறுதிப்படும் என்றானதும் கணக்கு தலைகீழானது.

சீன நகரங்களில் தடை வாசலில் இல்லை, வளாகத்தின் நுழைவாயிலில் இருக்கிறது. அங்கே பெரும்பாலோர் வசிப்பது மதிலும் காவலும் கொண்ட அடுக்கக வளாகங்களில். ஒருவர் தன் கட்டத்தைப் பகலில் வெளியாருக்குத் தர விரும்பினாலும், வரும் காரைக் காவலாளி உள்ளே விட வேண்டும். பராமரிப்பு நிறுவனம் ஒப்ப வேண்டும். அந்நியர் நடமாட்டத்தை அஞ்சும் மற்ற குடும்பங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வளாகத்து நிறுத்துமிடங்கள் முதலில் அங்குள்ள உரிமையாளர்களின் தேவையை நிறைவு செய்ய வேண்டும் என்று 2007 சொத்துச் சட்டம் சொன்னது; 2021 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள உரிமையியல் தொகுப்பின் 276ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. எதிர்ப்பவர்களுக்கு இது கையில் கிடைத்த ஆயுதம். உரிமையாளர்களுக்கும் ஓர் அச்சம் உண்டு: மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும்போது அந்நியர் கார் இன்னும் நின்றால் என்ன செய்வது? கைபேசியால் இயங்கும் தரைப்பூட்டைப் பொருத்தியும், நேரம் கடந்தால் தண்டக் கட்டணம் விதித்தும் சேவைகள் இதற்கு விடை தேடின. பெய்ஜிங் 2018 மே முதல் நடைமுறைப்படுத்திய நிறுத்த விதிகள் வேறு திசையில் சென்றன. இரவில் காலியாகும் அலுவலகத் திடல்களை அருகிலுள்ள குடியிருப்பாளர்களுக்கு விடுமாறு அவை ஊக்குவிக்கின்றன. அலுவலகத்துக்கு அண்டை வீட்டார் கிடையாது. அதனால் அந்த வழி எளிதாகத் திறந்தது.

மனித முடிவுகளை ஆராயும் உளவியலில் ஐசெக் அய்சன் 1991இல் விரிவாக வகுத்த கோட்பாடு ஒன்று உண்டு. ஒரு செயலைப் பற்றித் தனக்குள்ள எண்ணம், தன்னைச் சூழ்ந்தவர்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள் என்ற கணிப்பு, அது தன் கட்டுப்பாட்டில் இருக்குமா என்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒருவரை முனைய வைக்கின்றன என்பது அதன் சாரம். போக்குவரத்து ஆய்வாளர்கள் நிறுத்துமிடப் பகிர்வுக்கும் இதைப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். ஸ்பீட்வேயின் புல்தரையில் மூன்றும் ஒரே நாளில் கூடிவந்தன. சீன வளாகத்தில் இரண்டாவது முட்டுக்கட்டை போடுகிறது. ஜப்பானின் நிலக்காரருக்கு மூன்றாவதைச் சட்டமே அளித்தது.

இந்தியாவில் இன்னும் முந்தைய கேள்வியே தீரவில்லை: அடுக்ககத்தில் கார் நிறுத்தும் இடம் யாருடையது? தூண்களுக்கு இடையிலுள்ள தரைத்தள இடத்தைக் கட்டுநர்கள் வீட்டைத் தவிரத் தனியாக விலை வைத்து விற்றுவந்தார்கள். மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்ட் 31 அன்று, அத்தகைய இடம் பொதுப் பகுதியைச் சேர்ந்தது, கட்டுநர் அதைத் தனியே விற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2016 ரியல் எஸ்டேட் சட்டமும் திறந்தவெளி நிறுத்துமிடத்தைப் பொதுப் பகுதியில் சேர்த்தது. கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ளதை மட்டுமே அது கார் கொட்டகையாக ஏற்கிறது. ஆகவே ஒதுக்கீட்டுக் கடிதம் கையில் இருந்தாலும், வெளியாருக்கு வாடகைக்கு விடுவது தன் தனி உரிமை என்று பெரும்பாலான அடுக்ககவாசிகளால் சொல்லிவிட முடியாது. சங்கத்தின் சம்மதம் வேண்டும்.

தனி வீடுகளில் நிலைமை வேறு விதமாகச் சிக்கலானது. சென்னைத் தெருக்களில் வெளிக்கதவின் முன் நிறுத்தாதீர் என்ற பலகை இல்லாத வீடுகள் குறைவு. கதவுக்கு முன்னாலுள்ள சாலை மாநகராட்சியுடையது, உள்ளே உள்ள போர்ட்டிகோ சொந்தம். தெருவில் இலவசமாக இடம் கிடைக்கும் வரை போர்ட்டிகோவைக் காசு கொடுத்துக் கேட்பவர் இல்லை. ஆனால் புறநகர் ரயில் நிலையங்களையும் பேருந்து நிலையங்களையும் ஒட்டி இரு சக்கர வண்டிகளுக்குப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. வீட்டு முற்றத்தையோ காலி மனையையோ ஸ்டாண்டாக்கி, டோக்கன் கொடுத்து, மாதாந்திரப் பயணிகளுக்குப் பாஸும் போட்டு நடத்துகிறார்கள். வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் கண்ணெதிரே இருக்கிறார், கடைசி ரயிலுக்குப் பிறகு வண்டி தங்கினால் கூடுதல் கட்டணம் என்பது எல்லாருக்கும் தெரியும், ஓர் இரவு நின்றாலும் முற்றம் அடைபடாது. கார் விஷயத்தில் சென்னை அடுக்ககங்களில் நடக்கும் பகிர்வு பெரும்பாலும் மதிலுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கார் இல்லாத வீட்டுக்காரர் தன் இடத்தை இரண்டாவது கார் வாங்கிய மேல்மாடி வீட்டாருக்கு மாதக் கணக்கில் விடுகிறார். சங்கத்துக்கும் காவலாளிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.